நீலமா, சிவப்பா, மஞ்சளா: ஸ்டெஃபான் பெட்கேயின் எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

பெர்லினில் ஒருவர் உடைந்துபோன ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மூன்று ஆல்பம் போட்டார் என்று யாரோ சொல்லக் கேட்டுத் தேடிப் பார்க்கிறீர்கள். அட்டையில் படம் எதுவும் இல்லை. ஒன்று முழுக்க நீலம், அடுத்தது சிவப்பு, மூன்றாவது மஞ்சள். தலைப்புகள் 1, 2, 3 என்று வெறும் எண்கள். கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'போல்' என்று ஒரே ஒரு சொல். எதை எடுப்பது? எண் வரிசைப்படி 1-இல் தொடங்குவதுதான் முறை என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு வருடம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிவப்பு. ஏன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உங்கள் காது வேறு மாதிரி பழகியிருந்தால் நீலமோ மஞ்சளோ சரியாக இருக்கலாம், இந்த மூன்றையும் விட்டுவிட்டு அவருடைய பிற்கால ஆல்பம் ஒன்றுகூடப் பொருந்தலாம். அதையும் சொல்கிறேன்.

'போல்' என்பது ஸ்டெஃபான் பெட்கே வைத்துக்கொண்ட பெயர். டுஸ்ஸல்டோர்ஃபில் பிறந்தவர். பெர்லினில் டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்ற கூடத்தில் இசைத்தட்டில் ஒலிக்கோடு வெட்டும் வேலை பார்த்தார். ஜெர்மனியின் வால்டோர்ஃப் நிறுவனம் '4-போல்' என்று ஒரு ஃபில்டர் செய்து விற்றது. பெட்கே கையில் இருந்த அந்தப் பெட்டி 1996-இல் கீழே விழுந்து பழுதானது. ஒலியின் மேல் பகுதியை வெட்டி மழுக்குவதுதான் இந்த வகை ஃபில்டரின் வேலை. நான்கு போல் என்றால், வெட்டும் இடத்துக்கு மேலே ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது ஒவ்வொரு ஸ்தாயிக்கும், 24 டெசிபல் குறைந்துகொண்டே போகும். விழுந்த பிறகு அந்தப் பெட்டி தானாகவே பொரியத் தொடங்கியது. எண்ணெய் காய்ந்த சட்டியில் கடுகைப் போட்டால் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் படபடவென்று வெடிக்குமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். வேறு யாராக இருந்தாலும் பழுது பார்க்கக் கொடுத்திருப்பார்கள். பெட்கே அந்தப் பொரிதலையே தாளமாக எடுத்துக்கொண்டு, அதற்கு அடியில் பேஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை, ஓடவிட்டார். பெட்டியின் பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார்.

அந்தப் பேஸ் ஜமைக்காவிலிருந்து வந்தது. 1970-களில் கிங்ஸ்டனில் கிங் டப்பி என்று எல்லோரும் அழைத்த ஆஸ்போர்ன் ரடாக், மின்சாதனங்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். பாடல் பதிவுகளை எடுத்து, குரலைப் பெரும்பாலும் நீக்கி, பேஸையும் டிரம்ஸையும் முன்னுக்குக் கொண்டுவந்து, நடுநடுவே எதிரொலியை விட்டார். டப் என்ற வகை அப்படி உருவானது. இருபது வருடம் கழித்து பெர்லினில் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் பேசிக் சேனல் என்ற பெயரில் அந்த முறையை டெக்னோ என்ற மின்னணு நடன இசையோடு சேர்த்தார்கள். பெட்கே வேலை பார்த்த வெட்டும் கூடமும் அவர்களுடைய வட்டத்தைச் சேர்ந்ததுதான். அவர்கள் டெக்னோவின் 'தும் தும்' உதையை வைத்துக்கொண்டார்கள். பெட்கே முதல் மூன்று ஆல்பங்களில் பெரும்பாலும் அதையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது பேஸ், பொரிதல், கொஞ்சம் எதிரொலி. இந்த மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதில்தான் நீலமும் சிவப்பும் மஞ்சளும் வேறுபடுகின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதும் அந்த அளவைத்தான்.

1998-இல் வந்த நீலத்தில் ஒன்பது துண்டுகள். இங்கே பொரிதல் முன்னால் நிற்கிறது. பேஸ் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல மழுங்கி, கதவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. தலைப்புகள் பெரும்பாலும் சாதாரண ஜெர்மன் சொற்கள்: 'ஃப்ராகன்' என்றால் கேள்விகள், 'கிர்ஷென்எசன்' என்றால் செர்ரி தின்பது, 'டான்ட்சன்' என்றால் ஆடுவது. இந்த இசைக்கு யாரும் எழுந்து ஆட முடியாது. ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவரின் உடம்பில் மிச்சமிருக்கும் அசைவு அதில் இருக்கிறது. பழகிய காதுக்கு இது மூன்றிலும் தூய்மையானது என்று அடித்துச் சொல்வேன். ஒருவர் தன் கையில் வந்து விழுந்த ஒரு சத்தத்தை முதல்முறையாக நம்பிப் பின்தொடரும் துணிச்சல் வேறெந்த ஆல்பத்திலும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

சிக்கலும் அங்கேதான். புதிதாகக் கேட்பவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. காது இயல்பாகவே முன்னால் இருப்பதை நோக்கிப் போகும், முன்னால் இருப்பதோ ஒழுங்கில்லாமல் வெடிக்கும் கடுகு. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதல் நாள் நினைத்தேன். பொரிதலுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது, பேஸைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால்தான் புலப்படும். நீலத்தில் பேஸ் அவ்வளவு எளிதாகக் கைக்குக் கிடைக்காது.

ஒருவருக்கு மட்டும் நீலத்தைத் தயங்காமல் சொல்வேன். பழுதிலிருந்து இசை செய்யும் வகையை ஏற்கெனவே விரும்புபவர் அவர். இதே ஜெர்மனியில் ஓவல் என்ற பெயரில் மார்க்குஸ் பாப் 1990-களின் நடுவில் சேதமான சிடிகள் திக்கித் திக்கி ஓடும் சத்தத்தை வைத்து ஆல்பங்கள் செய்தார். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் நீலம் வீடு மாதிரி இருக்கும்.

1999-இல் வந்த சிவப்பில் ஆறே துண்டுகள். 'ஃபாரன்', 'ஷ்டாட்', 'ஷ்ட்ரைட்', 'ஹுக்கெபாக்', 'ஹாஃபன்', 'வைட்'. பயணம், நகரம், சண்டை, உப்புமூட்டை, துறைமுகம், தூரம் என்று சொல்லலாம். முதல் துண்டிலேயே பேஸ் கதவைத் திறந்துகொண்டு அறைக்குள் வந்துவிடுகிறது. சில சுரங்கள்தான். ஒன்று விழுந்து, நீண்டு, கரைந்து, அடுத்தது அவசரப்படாமல் வருகிறது. நடுவில் விடும் இடைவெளியிலும் அது நின்ற இடம் காதில் கனமாக இருக்கிறது. அந்த இடைவெளிகளில்தான் பொரிதல் விழுகிறது. அதற்கும் மேலே, ஜமைக்காவின் ரெக்கே இசையில் கிடார்காரர் எதிர்த்தாளத்தில் கம்பியை வெட்டுவாரே, அப்படிச் சில சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரு சின்ன கார்டு வந்து எதிரொலியில் தேய்ந்து மறைகிறது.

'ஹுக்கெபாக்' என்றால் குழந்தையை முதுகில் ஏற்றி உப்புமூட்டை தூக்குவது. முழு ஆல்பத்துக்குமே அந்தப் பெயர் பொருந்தும். பேஸ் நடக்கிறது, பொரிதல் அதன் முதுகில் உட்கார்ந்து வருகிறது. தூக்குபவரின் நடை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால், மேலே உட்கார்ந்திருப்பது எவ்வளவு துள்ளினாலும் பயமில்லை. இரண்டு தடவை முழுதாகக் கேட்டபோது எனக்குப் பொரிதல் இரைச்சலாகத் தெரியவில்லை. ஹை-ஹாட் தாளத்தட்டு வர வேண்டிய இடத்தில் ஒரு சொடுக்கு, ஸ்னேர் டிரம் வர வேண்டிய இடத்தில் ஒரு உரசல் என்று அது டிரம்ஸ் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகு நீலத்துக்குத் திரும்பினேன். முன்பு கெட்டுப்போன ஃபைலாகத் தெரிந்தது இப்போது இசையாகவே கேட்டது. சிவப்பை முதலில் வைப்பதற்கு இதுதான் காரணம். சிவப்பு தனியாக நின்றும் நிறைவாக இருக்கிறது, மற்ற இரண்டையும் கேட்கவும் கற்றுக்கொடுக்கிறது. நீலத்தில் தொடங்கினால் இது நடக்க வெகு காலம் ஆகும், மஞ்சளில் தொடங்கினால் நடக்காமலே போகலாம்.

ஏனென்றால் மஞ்சள் அவ்வளவு இதமானது. 2000-இல் வந்தது, எட்டுத் துண்டுகள். முதல் துண்டு 'சில்பர்ஃபிஷ்', பழைய புத்தகங்களுக்குள் மினுக்கிக்கொண்டு ஓடும் ராமபாணப் பூச்சி. பொரிதலும் இங்கே அந்தப் பூச்சி போலவே சின்னதாக, வேகமாக, கண்ணில் பட்டும் படாமலும் ஓடுகிறது. பேஸ் வட்டமாக, மிருதுவாக இருக்கிறது. எதிரொலிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறார். கைத்தேர்ச்சி என்று பார்த்தால் மூன்றிலும் இதுவே மேல். இரவு பதினொரு மணிக்கு மேல் நான் அதிகம் போடுவதும் இதுதான். ஆனால் இதை முதலில் வாங்கியவர்கள் பலர் வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டு, 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெட்கே அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சொடுக்காகப் பொறுக்கி வைத்திருக்கிறார், உட்கார்ந்து கேட்கத்தான். சிவப்பைக் கேட்டுவிட்டு வந்தால் மஞ்சளின் நுணுக்கம் தானாகக் காதில் விழும்.

மியூட் நிறுவனம் 2020-இல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து மறுவெளியீடு செய்தது. மொத்தமாக வாங்கலாமா என்றால், சிவப்பை ஒரு மாதம் கேட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்பேன். ஒன்று பிடித்தால் மூன்றும் வேண்டியிருக்கும். பிடிக்காவிட்டால் மூன்று எதற்கு?

சரி, பேஸ் வேண்டும், பொரிதல் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் முதல் மூன்றையும் தாண்டி 2020-இல் வந்த 'ஃபேடிங்'குக்கோ 2022-இல் வந்த 'டெம்பஸு'க்கோ போகலாம். 'ஃபேடிங்' பெட்கேயின் தாய்க்கு வந்த மறதிநோயிலிருந்து பிறந்தது. நினைவு உதிர்வதை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் செய்த இசை. பழைய பேஸ் அப்படியே இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ளவை வந்து வந்து விலகுகின்றன. 'டெம்பஸ்' அதன் தொடர்ச்சி. பிற்காலத்தவற்றில் ஒன்றை மட்டும் எடுப்பதானால் நான் 'ஃபேடிங்'கை எடுப்பேன். காலைத் தட்டிக் கேட்கத் தாளம் வேண்டும் என்றால் 2007-இன் 'ஷ்டைன்கார்டன்', அதில் டிரம்ஸ் திடமாக இருக்கிறது. மனிதக் குரல் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு அவருடைய 2003 ஆல்பத்தில் ஃபேட் ஜானின் ராப் இருக்கிறது. ஆனாலும் குரலுக்காக என்றால் அதே ஆண்டு எர்னஸ்டஸும் ஃபான் ஓஸ்வால்டும் ரிதம் அண்ட் சவுண்ட் என்ற பெயரில், கார்னெல் கேம்பல் போன்ற ஜமைக்கப் பாடகர்களை வைத்துச் செய்த ஆல்பத்தைத்தான் கைகாட்டுவேன். அங்கே பேஸும் குரலும் ஒரே ஊர்க்காரர்கள்.

அடுத்து, எந்த வடிவத்தில் வாங்குவது. இசைத்தட்டா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா?

பேஸ் இசை என்றாலே இசைத்தட்டுதான் என்று ஒரு பேச்சு உண்டு. பெட்கே விஷயத்தில் அதில் உண்மையும் இருக்கிறது. தட்டில் தாழ்ந்த ஒலியைப் பதிக்க, வெட்டும் ஊசி அகலமாக ஆட வேண்டும். அப்படியே விட்டால் ஒவ்வொரு கோடும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டுகிறார்கள், வீட்டில் இசைத்தட்டுக் கருவியோடு இணைக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற பெருக்கி அதைத் திரும்ப உயர்த்துகிறது. இடது பக்கப் பேஸும் வலது பக்கப் பேஸும் வேறுபட்டால் கோடு மேலும் கீழுமாக ஏறி இறங்கி ஊசி துள்ளும், ஆகவே தாழ்ந்த ஒலியை நடுவில் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். பெட்கே இதைத் தினசரி வேலையாகச் செய்தவர். ஒரு கோடு எவ்வளவு பேஸைத் தாங்கும் என்பதைக் கையால் அறிந்தவர் செய்த இசை இது.

இருந்தும், முதல் தடவை கேட்க இசைத்தட்டு வேண்டாம் என்பது என் கருத்து. தூசு படிந்த எந்தத் தட்டும் பொரியும். இங்கே இசையே பொரிகிறது. எது பெட்கே வைத்தது, எது உங்கள் அலமாரித் தூசு வைத்தது என்று பிரிக்கத் தெரிவதற்கு, சுத்தமான வடிவத்தில் முதலில் கேட்டிருக்க வேண்டும். பிரிக்கத் தெரிந்த பிறகு தட்டு வாங்குங்கள். அப்போது இரண்டு பொரிதலும் கலப்பதே ஒரு சுகம், ஒவ்வொரு வருடமும் உங்கள் பிரதி மட்டும் இன்னும் கொஞ்சம் மாறிக்கொண்டே போகும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். பேஸை எம்பி3 போன்ற சுருக்கங்கள் பெரிதாகக் கெடுப்பதில்லை, அடிவாங்குவது சொடுக்குகள்தான். குறைந்த தரத்தில் சுருக்கும்போது, கூர்மையான ஒரு சொடுக்கு விழுவதற்குச் சற்று முன்பே அதன் மங்கலான நிழல் சிதறிவிடுகிறது. சாதாரணப் பாடலில் இது தெரியாது. இங்கே சொடுக்குகள்தான் டிரம்ஸ் என்பதால் தாளமே மழுங்கிப்போகும். செயலியின் அமைப்பில் மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள். சிடி கிடைத்தால் எந்தக் கவலையும் இல்லை.

எதில் கேட்பது என்பதை நான் எந்த நிறம் என்பதைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காதீர்கள். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. விரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ளவே முடியாது. ஃபோனில் கேட்டால் உப்புமூட்டை தூக்குபவரே காணாமல் போய், குழந்தை மட்டும் அந்தரத்தில் தொங்கும். நான் நீலத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஃபோனைவிடப் பரவாயில்லை. ஆனால் பல மாதிரிகள் உண்மையான அடித்தளம் இல்லாமல், அதற்குச் சற்று மேலே உள்ள ஒலியை ஊதிப் பெருக்கி 'பூம்' என்று காட்டும். எல்லாச் சுரமும் ஒரே சுரமாகக் கேட்கும்.

மிச்சம் ஹெட்ஃபோனும் பெரிய ஸ்பீக்கரும். காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காதுக்குள் செருகும் வகை என்றால் ரப்பர் முனை காதில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், மெல்லிய இடைவெளி இருந்தாலும் பேஸ் அதன் வழியே போய்விடும். இரவில் குறைந்த சத்தத்தில் கேட்பவர்களுக்கு ஹெட்ஃபோன்தான் சரி. சத்தம் குறையக் குறைய நம் காது மற்ற ஒலிகளைவிடப் பேஸை வேகமாக இழந்துவிடும். பேஸ் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும் என்பதும் ஒரு காரணம். அப்புறம், 'பேஸ் பூஸ்ட்' பொத்தானை அணைத்துவிடுங்கள். வேண்டிய பேஸை வேண்டிய அளவில் பெட்கே ஏற்கெனவே வைத்துவிட்டார்.

பகலில், வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றால் ஸ்பீக்கருக்குப் போங்கள். ஹெட்ஃபோனில் காதுக்கு மட்டும் கிடைக்கும் பேஸ், ஸ்பீக்கரில் நெஞ்சுக்கும் தரைக்கும் கிடைக்கிறது. இங்கே அறையும் ஒரு வாத்தியம்தான். 4 மீட்டர் நீள அறையில், அந்த நீளத்தில் முதலில் தங்கி நிற்கும் ஒலி சுமார் 43 ஹெர்ட்ஸ், அதாவது பேஸின் அடிச்சுரம் இருக்கும் அதே இடம். சுவரோரம் அந்தச் சுரம் பொங்கும், அறையின் நட்ட நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். என் நாற்காலி பல மாதம் நடுவில்தான் இருந்தது. 'ஷ்டாட்' கேட்கும்போது ஒரு சுரம் மட்டும் எப்போதும் மெலிந்து வரும். பதிவே அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் தரையைத் துடைக்க நாற்காலியை அரை மீட்டர் பின்னால் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அந்தச் சுரம் முழு உருவத்தோடு வந்து நின்றது. ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்னால் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள், அதற்குச் செலவு இல்லை.

இன்னொன்றும் செய்ய வேண்டும். சிவப்பைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டியவுடன் எழுந்து அறையை ஒரு சுற்று வாருங்கள். பேஸ் பட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலமாரியில் அடுக்கிய டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், ஸ்விட்ச் பலகையில் தளர்ந்த திருகு முணுமுணுக்கும். வேறு இசையில் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். இதில் அந்தச் சத்தங்களும் பொரிதலோடு கலந்து ஒளிந்துகொள்ளும். டம்ளர்களுக்கு இடையே துணியை மடித்து வையுங்கள், ஜன்னல் இடுக்கில் அட்டையைச் செருகுங்கள், திருகை முறுக்குங்கள். அதற்குப் பிறகும் ஏதாவது பொரிந்துகொண்டிருந்தால் அது 1996-இல் கீழே விழுந்த அந்தப் பெட்டிதான். உட்கார்ந்து கேளுங்கள்.